நூற்று நாற்பத்து மூன்று படிவங்கள்

படிவங்கள் நூற்று நாற்பத்து மூன்று. சணல் கயிற்றால் கட்டி என் மேசையில் வைத்திருந்தார் விரிவுரையாளர் அம்மா. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில், மலேசியாவில் பீடோங்கை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தொழிலாளர் வாழ்க்கையை முனைவர் பட்டத்துக்கு ஆராய அவர் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். கேள்விகள் இங்கிலாந்தில் இருந்த அவருடைய பேராசிரியர் வகுத்தவை; மொத்தம் ஐம்பத்திரண்டு. தோட்ட அலுவலகத்தின் உதவியோடு கேட்க வேண்டும் என்பதும் அந்தப் பேராசிரியரின் கட்டளை. அதனால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுத் திடலிலேயே நாற்காலி போட்டோம். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். மூன்று வாரத்தில் முடிந்தது. எனக்குப் பெருமைதான்.

கட்டைப் பிரித்துப் படித்த அம்மாவின் முகம் மாறியது. தோட்டத்தை நடத்தும் துரை எப்படி என்ற கேள்விக்கு அத்தனை பேரும் ‘நல்லவர்’ என்றிருந்தார்கள். வாளியோடு அந்தப் பக்கம் போன பால்மரம் சீவும் பெண் ஒருத்தியை அழைத்து ஏன் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“கிராணி ஐயாவப் பக்கத்துல வச்சிக்கிட்டுக் கேட்டா வேற என்னம்மா சொல்லுவோம்? யாருக்கு எந்த மர நெரைன்னு அவருதானே லா எழுதுறாரு. கோவத்துல மலை மேல நெரைக்கு ஏத்தி விட்டா நீங்களா வந்து மரம் சீவுவீங்க?”

“நான் அப்படிச் செய்வேனாம்மா?” என்றேன்.

“போன மாசம் செஞ்சீங்களே.”

செய்திருந்தேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

அம்மா பேராசிரியருக்கு எழுதினார். படிவங்கள் சரியாகவே இருக்கின்றன, ஆய்வை எழுதி முடி என்று பதில் வந்தது. விடுப்பில் ஆறு வாரம்தான் மீதி. மறுபடி தொடங்கினால் பட்டம் கிடைக்குமா என்பதே சந்தேகம். “வெள்ளைக்காரன் போயி பதினெட்டு வருஷம் ஆச்சு, அண்ணே. நான் இன்னும் அவன் பெரட்டத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்,” என்றார். “நாளையிலேருந்து நீங்க வர வேணாம்.” குழாயடியில் பெண்களோடு உட்கார்ந்து, என்ன கேட்க வேண்டும் என்பதையே அவர்களிடம் கேட்டார். எனக்குக் கோபம். நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

பட்டம் ஏழு ஆண்டு தாமதமானது. உடன் சேர்ந்தவர்கள் பேராசிரியர்களானார்கள். அவர் விரிவுரையாளராகவே நின்றார். இன்று சுங்கைப் பட்டாணி மண்டபங்களில், காலனிய வழக்கத்திலிருந்து கல்வியையும் ஆய்வையும் மீட்க வேண்டும் என்று அறிஞர்கள் முழங்குகிறார்கள். போன முறை மேடையில் ஏழு பேர். மரம் சீவியவர் ஒருவரும் இல்லை.

எண்பதுகளில் அம்மா தம் ஆய்வேட்டை எனக்கு அனுப்பினார். நன்றிப் பக்கத்தில் தொழிலாளர் பெயர் ஒன்றுகூட இல்லை. துரைமார் கண்ணில் படக் கூடாதென்று விட்டிருப்பார். கடைசி வரி: ‘விலகி நின்று உதவிய கிராணிக்கு.’ நானாக விலகவில்லை. அவர் போகச் சொன்னார். அதைத் திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் அனுப்பவில்லை.