ரிப்பீட் அக்கா

"மூணு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம. எங்க, திருப்பிச் சொல்லுங்க!"

டீக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பிச் சொல்கிறார். சொல்லாவிட்டால் அந்த அம்மாள் இடத்தைவிட்டு நகரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் சினிமா வேலை பழகும் மாணவர்கள் வைத்த பெயர் ரிப்பீட் அக்கா. டீ வருவதற்குள் தெருமுனைவரை இரண்டு நடை போய் வந்துவிடுகிறார். உட்காரச் சொன்னால், "உக்காந்தா காலு வலிக்குது" என்கிறார்.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் வாங்கவேண்டிய காய்கறிகளை ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பு மாட்டவேண்டும். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். திருப்பிச் சொல்லுன்னா" என்று அவர் அலுத்துக்கொள்வார். பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா பல வருடம் உதவி இயக்குநராகப் படப்பிடிப்புத் தளத்தில் ஓடியவர். ஒருநாள் வாக்கி-டாக்கியில், "லைட்டை இறக்க வேண்டாம்" என்றார். இரைச்சலில் 'வேண்டாம்' தொலைந்துபோயிற்று. லைட் ஒருவர் தோளில் இறங்கியது. அன்றிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லையே விட்டுவிட்டார். "அப்படியே பிடி" என்பார். யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லி, கடைசியில் 'சரி' போட்டபிறகே கை நீளவேண்டும்.

இந்த ஊருக்குப் படமெடுக்க வருகிறவர்கள் லைட் ஸ்டாண்டைப் பிடிக்கிற ஆளைக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஊர்க்காரர்களுக்குக் கிடைப்பது கூட்டத்தில் நிற்கிற வேலை. அக்காவுக்கு இதில் தீராத எரிச்சல். காலியாகக் கிடந்த ஒரு கிடங்கைப் பிடித்து, எலக்ட்ரீஷியன், ஆட்டோ டிரைவர், தையல்காரி என்று அகப்பட்டவர்களையெல்லாம் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். தையல்காரி வேறு யாருமில்லை, அவருடைய அண்ணிதான். இவர் பேச்சை நம்பி ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு வந்தவர்.

பயிற்சி முடிந்தபின் முதல் படம் இப்போதுதான் வருகிறது. வெளியூர்க் கம்பெனியின் மேனேஜர் இன்று வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. "இது கைவிட்டுப் போச்சுன்னா ஆளாளுக்குப் பழைய வேலைக்குப் போயிடுவாங்க. எங்க அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்று அக்கா என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, கேபிளைச் சுற்றப் போய்விட்டார்.

மேனேஜர் வந்தார். அக்கா அவர் கையில் ஒரு வாக்கியைக் கொடுத்து, "நீங்களே வேலை சொல்லிப் பாருங்க சார்" என்றார். மாணவர்கள் மாடியிலும் வாசலிலும் பின்கட்டிலும் நின்றார்கள்.

"மாடி லைட் போடு."

"மாடி லைட் போடு, சரி."

லைட் எரிந்தது. எதைச் சொன்னாலும் பிசகில்லாமல் நடந்தது. மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தன் உதவியாளரிடம் திரும்பி, "நல்லாத்தான் பண்றாங்க. இருந்தாலும் எதுக்கு வம்பு? நம்ம ஆளுங்களையே கூட்டிட்டு வந்துடலாம்" என்றார். கட்டைவிரல் இன்னும் வாக்கியின் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை.

விரலை எடுத்ததும் வாக்கி கரகரத்தது.

"நம்ம ஆளுங்களையே கூட்டிட்டு வந்துடலாம், சரி." அண்ணியின் குரல். அடுத்து வாசலில் நின்ற ஆட்டோ டிரைவர் அதையே கணீரென்று சொன்னார். பின்கட்டிலிருந்த எலக்ட்ரீஷியன், "நம்ம ஆளுங்களையே..." என்று தொடங்கி, அர்த்தம் புரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று அக்காவைப் பார்த்து இழுத்தார்.

அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றார். "என்கிட்ட எதுக்கு சார்?" என்றார். தன் வாக்கியின் பட்டனை அழுத்தி, அவர் வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்தார்.