அறுபத்து நான்கு முறை எடுத்த பணம்

அன்று வங்கியில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவ்வளவு பேர். நான். என் மனைவி. எங்கள் ரிக் வண்டியின் சமையல்காரர். கம்ப்ரஸர் ஓட்டுகிறவர். ஹெல்பர். மேசைக்கு அந்தப் பக்கம் கணக்குப் பார்க்கும் மேடம். ஓனர் வரவில்லை. போனில் இருந்தார்.

ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். தொழில் போர்வெல் போடுவது. இருபத்திரண்டு வருடமாக டிரில்லர். படிப்பு ஆறாவது. எங்கள் ஓனர் ஒரு வண்டியைக் கப்பலில் தான்சானியாவுக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஒன்பது மாதம் ஓட்ட நாலு பேர் வேண்டும். நாங்கள் நாலு பேரும் சரி என்றோம்.

நான் சரி என்றதற்குக் காரணம் என் மனைவியின் காது. அவள் விசைத்தறிக்குப் போகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தறிதான். இடது காதில் முதலில் இரைச்சல் வந்தது. பிறகு பாதி கேட்காமல் போனது. ஈரோட்டில் டாக்டர் பார்த்துவிட்டு, தறிச் சத்தத்தை விட்டால் இருக்கிற பாதி இருக்கும், விடாவிட்டால் அதுவும் போகும் என்றார். தறியை விட்டால் வருமானத்துக்கு வேறு வழி வேண்டும். வாழப்பாடிப் பக்கம் ஒருவரிடம் ஒரு ஜோடி எருமை பார்த்து வைத்தோம். ஒன்று எழுபத்தைந்தாயிரம். ஜோடியாகத்தான் கொடுப்பேன், தீபாவளி வரைக்கும் வைத்திருப்பேன், அதற்கு மேல் சந்தைக்குப் போய்விடும் என்றார் அவர். தீபாவளிக்குள் ஒன்றரை லட்சம் சேர வேண்டும். சேர்ந்தால் அன்றோடு தறிக்கு முழுக்கு. இதுதான் பேச்சு.

வங்கியில் மேடம் எனக்கு ஒரு கார்டு கொடுத்தார். வெளிநாட்டிலும் வேலை செய்யுமாம். என் சம்பளத்தில் பாதியை ஓனர் மாதாமாதம் அந்தக் கணக்கில் போடுவார், மீதி பாதி ஊர் திரும்பிய பிறகு. நாலு பேருடைய பேட்டாவும், அதாவது தினச் செலவுக் காசும், அதே கணக்கில்தான் விழும். எடுத்துப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. எடுக்கும் கமிஷன் யார் பாடு என்று சமையல்காரர் போனில் கேட்டார். டிரில்லர் பாடு என்றார் ஓனர்.

மேடம் சொன்னார். "அண்ணா, நல்லாக் கேட்டுக்கங்க. அங்க ஒவ்வொரு தடவ பணம் எடுக்கறப்பவும் நாங்க நூத்தம்பது பிடிப்போம். அந்த ஊரு மெஷின்காரங்க தனியாப் பிடிப்பாங்க. நூறு எடுத்தாலும் அதேதான், பத்தாயிரம் எடுத்தாலும் அதேதான். அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுக்காதீங்க. கடையில கார்டத் தேச்சுட்டா அந்த நூத்தம்பது கெடையாது. அப்பறம், மெஷினு ரூபாயில போடட்டுமான்னு கேக்கும். வேண்டாம்னுருங்க. அந்த நாட்டுக் காசுலயே போடுங்க. ரூபாயில போட்டா அவங்க வெச்சதுதான் ரேட்டு."

"சரிங்க மேடம்" என்றேன்.

சமையல்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். "ஏனுங்க மேடம், நம்ம ரூபாய நாமளே வேண்டாங்கறதுங்களா?" என்றார். மேடம் சிரித்தார். கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து டீ குடித்தோம். மேடம் சொன்னது டீயோடு போனது.

பேட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிக்கில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை, பேட்டா தினமும். சாயங்காலம் ராடுகளை அடுக்கி, சேறு கழுவி, ஆட்கள் வந்து நிற்பார்கள். அன்றைய பேட்டாவை டிரில்லர் அன்றே கையில் வைக்க வேண்டும். நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கு வேலை நடக்காது. முன்கூட்டி மொத்தமாகவும் எடுத்து வைக்கக் கூடாது. வைத்திருப்பது தெரிந்தால் முன்பணம் கேட்பார்கள். காலையிலிருந்து என்னோடு சேற்றில் நின்ற ஆளிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வராது. ஆந்திராவில் ஒருமுறை பதினைந்து நாள் பேட்டாவை மொத்தமாக வைத்திருந்தேன். மூன்றே நாளில் சீட்டாட்டத்தில் போனது. மீதிப் பன்னிரண்டு நாளும் என் கைக்காசு. அதிலிருந்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும்தான் எடுப்பேன்.

தான்சானியாவிலும் அப்படியே எடுத்தேன்.

எங்கள் இருப்பிடம் ஒரு சின்ன டவுனின் ஓரம், பெட்ரோல் பங்குக்குப் பின்னால். பங்க்கிலேயே ஏடிஎம் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் போய் நின்றேன். எழுத்து எல்லாம் இங்கிலீஷ். ஒரு இடத்தில் ரூபாய்க் குறி வந்தது. தூரத்து பஸ் ஸ்டாண்டில் நம்ம ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்ததுபோல் இருந்தது. அதையே அமுக்கினேன். நாற்பதாயிரம் ஷில்லிங் வந்தது. நாலு பேருக்குப் பத்துப் பத்தாயிரம். நம்ம கணக்கில் ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். மழை பெய்து வேலை நின்ற நாளும் ஞாயிறும் மட்டும் போகவில்லை.

சமையல்காரர் அடுப்படியிலிருந்தே கேட்பார். "என்ன டிரில்லரே, மெஷினு இன்னிக்குக் கறந்துச்சா?"

"கறந்துச்சுங்க மாமா."

"எட்டி ஒதைக்கலயே?"

"இல்லீங்க."

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் வீட்டுக்குப் பேசுவேன். பேச அதிகம் இருக்காது. சாப்பிட்டாயா, மழை உண்டா, ஓனர் பணம் போட்டாரா. முதல் மாதம் நான் ஒருமுறை சொன்னால் அவளுக்குக் கேட்டது. மூன்றாம் மாதம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "என்னங்க? என்னங்க?" என்பாள். போனை வலது காதுக்கு மாற்றுவாள். நான் சத்தமாகப் பேசினால், "கத்தாதீங்க, கேக்குது" என்பாள்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, எடுத்ததும் கேட்டாள். "ஏனுங்க, நீங்க அங்க போயிக் குடிக்கறீங்களா?"

"என்ன பேச்சு பேசற?"

"தெனமும் ரெண்டு மெசேஜ் வருதுங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. பெருசு ஆளுங்க பேட்டா. சிறுசு எப்பப் பாத்தாலும் நூத்தம்பது. தெனம் நூத்தம்பதுக்கு என்னங்க செலவு?"

வங்கிக் கணக்கு அவள் போன் நம்பரில் இருந்தது. எழுத்து படிக்க மாட்டாள். எண் படிப்பாள். மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டால் நான் கோபப்படுவேன் என்று கேட்கவில்லை.

"டீகூட என்ற பேட்டாவுலதான் குடிக்கறேன்" என்றேன்.

"அப்பறம் அது எதுக்குங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னேன். உண்மையில் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அவள் ஒரு ஷிப்ட் விடுப்பு போட்டுவிட்டு வங்கிக்குப் போனாள். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"மேடம் தலையில அடிச்சுக்கிட்டாங்க. நூத்தம்பது இங்க பிடிக்கறதுங்களாமா. அந்த ஊரு மெஷினு எரநூத்தி நாப்பது பிடிக்குதுங்களாமா. அது பெரிய மெசேஜுலயே சேந்து வந்திருக்குது. ஆளுங்களுக்கு ஆயிரத்து முன்னூறு குடுக்க முன்னூத்தித் தொண்ணூறு அழுதிருக்கறீங்க. தெனமும்."

பங்க் ஏடிஎம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"மேடம் அன்னிக்கே சொன்னாங்களாமா. நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டுதுதானுங்க?"

"கேட்டுது" என்றேன்.

அவள் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தாள். மெசேஜ் வந்த நாளுக்கு ஒரு கோடு. மொத்தம் அறுபத்து நான்கு. அதை முன்னூற்றுத் தொண்ணூறால் பெருக்கினால் இருபத்தைந்தாயிரத்துக்கு நாற்பது ரூபாய் குறைவு. ரூபாய்ப் பொத்தானை அமுக்கியதால் போனது தனி. அது எவ்வளவு என்று மேடமும் சொல்லவில்லை.

"எரும காலும் வாலும் போச்சுங்க" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. லைன் சரியில்லை.

அன்று சாயங்காலம் ஆட்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இனி பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் எடுப்பேன் என்றேன். பணத்தை யார் வைத்திருப்பது என்று கேள்வி வந்தது. நான் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கம்ப்ரஸர்காரர் தானே வைத்துக்கொள்கிறேன் என்றார். சீட்டு விளையாடுவதில் முதல் ஆள் அவர்.

சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். "எங்கிட்டக் குடுங்க. சோறு போடறவங்கிட்ட எவன் சண்டைக்கு வாரான்னு பாக்கலாம்."

அப்படியே செய்தோம். பணத்தை அரிசி டிரம்முக்குள் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில். தினமும் சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டோடு பேட்டாவையும் கொடுப்பார். முதல் வாரமே கம்ப்ரஸர்காரர் போய் நின்றார்.

"மாமா, நாளைக்குப் பேட்டாவ இன்னிக்கே குடுத்துருங்க."

"நாளைக்குச் சோத்தையும் இன்னிக்கே தின்னுட்டுப் போயிரு சாமி."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

மெஷின் ஒரு தடவைக்கு நாலு லட்சம் ஷில்லிங்தான் தரும். பத்து நாள் பேட்டா. மீதி நாளுக்கு, பேட்டாவுக்குப் பதிலாக ஆட்கள் கேட்கும் சாமானைக் கடையில் கார்டு தேய்த்து வாங்கினேன். சோப்பு, எண்ணெய், போனுக்கு ரீசார்ஜ். கடைக்காரப் பெண் மெஷினைத் திருப்பிக் காட்டுவாள். மேலே ரூபாய், கீழே ஷில்லிங். பின்னாலிருந்து சமையல்காரர் குரல் கொடுப்பார். "டிரில்லரே, நம்ம ரூபாய வேண்டாம்னு சொல்லுங்க." கீழே அமுக்குவேன். அந்தப் பெண்ணுக்கும் பழகிவிட்டது. பிறகு அவளே கீழே அமுக்கினாள்.

மிச்சமிருந்த மாதங்களில் பன்னிரண்டு முறைதான் பணம் எடுத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அவள் வீடியோவில் வந்தாள். வீட்டுக்குப் பின்னால் வேப்ப மரத்தில் இரண்டு எருமைகள் கட்டியிருந்தன. நல்ல எருமைகள். ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை.

"காசு பத்துச்சா?" என்றேன்.

"பத்துச்சுங்க."

"தறிக்குப் போறத நிறுத்திட்டயா?"

அவள் போனை எருமையின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "பாருங்க, உங்களயாட்டவே வாயத் தொறக்காம நிக்குது" என்றாள்.

சமையல்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, இது பரவால்ல. உன்ற ஊட்டுக்காரரு இதுக்கு மேல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கேள்விக்கு அவள் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தை மாதக் கடைசியில் ஊர் திரும்பினேன். சேலத்தில் இறங்கி பஸ்ஸில் வந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். இடது பக்கமாகப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். எருமை திரும்பியது. அதைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள்.

"வந்துட்டீங்களா" என்றாள். "போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணினேன்."

குளித்துவிட்டு வந்து சோறு தின்றேன். சுவரில் போன வருடக் காலண்டர் இன்னும் மாட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். வைகாசி, ஆனி, ஆடியில் நீலக் கோடுகள். அவை என்னுடையவை. ஆவணியிலிருந்து நீலம் குறைந்துவிட்டது. ஐப்பசியில், தீபாவளிக்குப் பிறகு, சிவப்புக் கோடுகள் தொடங்கின. கார்த்திகையில் நிறைய இருந்தன. மார்கழி பாதியில் நின்றன.

"இது என்ன செவப்பு?" என்றேன். வலது பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

அவள் மோர் ஊற்றினாள். பிறகு சொன்னாள்.

"தீபாவளிக்குக் கணக்குல ஒண்ணேகால் லட்சந்தானுங்க இருந்துச்சு. எருமக்காரரு ஒரு ரூபா கொறைக்க மாட்டேன்னுட்டாரு. தறிக்காரருகிட்ட இருபத்தஞ்சாயிரம் முன்பணம் வாங்கினேன்."

தறியில் முன்பணம் வாங்கினால் அதைக் கழிக்கும் வரை அந்தத் தறியை விட்டு வர முடியாது. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஷிப்டுக்கு அறுநூறு கூலி. முழுக் கூலியையும் கழிக்கச் சொல்லிவிட்டாள். சீக்கிரம் முடியட்டும் என்று. போன ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு சிவப்புக் கோடு. எருமைகள் மரத்தடியில் நிற்க, காலையில் கறந்து ஊற்றிவிட்டுத் தறிக்குப் போயிருக்கிறாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா என்னங்க பண்ணுவீங்க? மெஷினுல போயி எடுப்பீங்களா?"

நான் மோரைக் குடித்தேன். அவள் எழுந்து வெளியே போனாள்.

காலண்டரை மடியில் வைத்துச் சிவப்புக் கோடுகளை எண்ணினேன். தப்பாகிவிட்டதோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அதேதான் வந்தது.

நாற்பத்திரண்டு.