வளையம் இல்லாத பாதை

"எங்க ஒத்த லைன்ல, எதிர்ல வண்டி இல்லன்னு டிரைவர் கையில வளையம் குடுத்தாத்தான் வண்டி நகரும். உங்க வானத்துல இன்னா கீது புள்ள? உன் வாய்ச்சொல்லு ஒண்ணுதானே? அத நம்பி எவன் ஏறுவான்?"

திருத்தணி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் என் அக்காள் புருஷன், பாவா, இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முதலில் மிதித்தவள் நான். பத்தொன்பது வயதில் ராணுவ டெலிபோன் வேலையும் கிடைத்திருந்தது. தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் ஓட்டு வீட்டில் எங்கள் டெலிபோன் பலகை. தெற்கே ஒரு விமானத்தளம், வடக்கே ஒன்று. இரண்டுக்கும் நேராகப் பேசினால் குரல் எட்டாது. நடுவில் நான் கேட்டுச் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து விமானம் கிளம்பும் முன், "அனுப்பலாமா?" என்று கேட்பார்கள். எதிரே எதுவும் வரவில்லை என்று பார்த்து வடக்கு ஒப்புக்கொண்டால்தான் நான் "போகலாம்" என்பேன். வெயில் நாளில் ஆளுக்கு ஓர் உயரத்தில் போய்விடுவார்கள். மழை நாளில் அது முடியாது. மேகம் மலையை மூடிவிடும். விமானிகள் தாழ இறங்கி, ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பறப்பார்கள். அப்போது அந்தப் பாதையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகலாம்.

அது ஐப்பசி மாதத்துக் காலை. மலைக்கோயில் இருந்த திசையே தெரியாத மழை. பத்து மணி சுமாருக்குத் தெற்கு கேட்டது. வடக்கைக் கூப்பிட்டேன். "இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்றது குரல். அவ்வளவுதான். பிறகு லைனில் இரைச்சல் மட்டும்.

தெற்கில் இருந்த குமாஸ்தா பட்டணத்துக்காரர். "இன்னாம்மா, தூங்கிக்கினு கீறியா? இஞ்சின் ஓடிக்கினே கீது. ஆபீசர் என்னிய மொறைக்கிறாரு" என்றார். மறுபடி மணி அடித்து, "உனக்கு ஆவலன்னா சொல்லு, வேற ஆளப் போடச் சொல்றேன்" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. இரண்டு மாதமாக வடக்கு ஒருநாளும் மறுத்ததில்லை. இன்றைக்கு மட்டும் மறுக்கவா போகிறது?

"ஒத்துக்கினாங்க சார். போகலாம்" என்றேன். நோட்டில் "மணி பத்து பன்னிரண்டு, வடக்கு சம்மதம்" என்றும் எழுதினேன். மை காய்வதற்குள் வடக்கு லைனில் குரல் திரும்பியது. "ஆபண்டி! ஆபண்டி!" நிறுத்துங்கள் என்று தெலுங்கில் கத்தினார் அந்த மனிதர். மேற்கே போன விமானம் ஒன்று மழையால் திரும்பி, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே வருகிறதாம்.

தெற்குக்குக் கைப்பிடியைச் சுழற்றினேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினேன். உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. பாவா கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்க, டிரைவர் இன்னும் வராத வளையத்துக்காக மழையில் தலையை நீட்டிக் காத்திருந்தார். அவர் அவசரப்படவே இல்லை.

அப்போது ஓடுகள் அதிர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கள் தலைக்கு மேலே இரைந்துகொண்டு தெற்கே போனது. அது தளத்தை எட்ட மூன்று நிமிஷம்கூட ஆகாது.

"சொல்லும்மா" என்று குமாஸ்தா ஒருவழியாக எடுத்தார்.

"நிறுத்துங்க சார்! எதிர்ல ஒண்ணு வருது!"

"நீதானே ஒத்துக்கினாங்கன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன் சார். அவங்க ஒத்துக்கல. நானா சொன்னேன்."

ரிசீவர் மேஜையில் விழும் சத்தம். யாரோ ஓடினார்கள். அப்புறம் டெலிபோனில் மழை மட்டும் கேட்டது. அந்த இரண்டு விமானங்களுக்குள்ளும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். முகம் தெரியாத அவர்களின் அம்மாக்களை நினைத்தேன். திடீரென்று ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது. ஒரு விமானமா, இரண்டா? காதை எவ்வளவு அழுத்தியும் தெரியவில்லை.

குமாஸ்தா திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்க பிளேன் ஓட ஆரம்பிச்சிடுச்சும்மா. சேப்பு விளக்கக் காட்டி நிறுத்திட்டோம். அது நிக்கவும், இன்னொண்ணு கூரைய ஒரசிக்கினு எறங்கவும் சரியா இருந்திச்சு." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "நோட்ல அந்த வரிய அடிச்சிடு. நானும் அடிச்சிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழேயே, "மேலே கண்டது பொய். வடக்கு சம்மதிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை நடந்தது. இரண்டு வாரம் என்னைப் பலகை முன் உட்காரவிடவில்லை. திரும்ப வேலைக்குப் போவதற்கு முந்தின நாள், பாவாவிடம் ஓர் உடைந்த வளையம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு? கழுத்துல மாட்டிக்கவா?" என்று சிரித்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. ஸ்டேஷனுக்குப் போய், ஒரு பழைய பிரம்பு வளையத்தைக் கயிறு சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

பலகையின் இரு பக்கமும் ஆணி அடித்தேன். வளையம் இடது ஆணியில் தொங்கும். எதிர்ப்பக்கத்துச் சம்மதத்தை என் காதால் கேட்ட பிறகுதான் அதை வலது ஆணிக்கு மாற்றுவேன். மாற்றாமல் வாய் திறக்க மாட்டேன். யார் எவ்வளவு கத்தினாலும் சரி.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு ஆட்கள் தேவை என்று பத்திரிகையில் வந்தது. பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று அதில் இல்லை. கூடாது என்றும் இல்லை. முன்பு வேலையில் தவறு செய்ததுண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. அதற்கு விட்டிருந்த இடம் ஒரே வரி. எனக்குப் போதவில்லை. நான் நிமிர்ந்த தலையோடு சொன்ன பொய்யும், குனிந்த தலையோடு சொன்ன உண்மையும் எனக்குச் சமமாகவே பாடம் சொன்னவை என்பதால், தனித்தாளில் முழுவதையும் எழுதி, கூடவே வைத்து, நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.