மச்சினன் சொன்னால் போதாது

“...அண்ணே, உங்க மச்சினன் சிப்ஸ் விக்கிறவர். அருவி வத்திக் கிடந்தாலும் ‘நல்லா விழுது’ன்னுதானே சொல்வார்?” என்று மேடையில் நின்ற அம்மா கேட்டதும் அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

போன சீசனில், தென்காசியில் ஒரு கல்லூரியில் நடந்தது இது. பத்திரிகை தர்மம் பற்றிப் பல்கலைக்கழகம் சனிக்கிழமைதோறும் நடத்திய சொற்பொழிவு, யாரும் போகலாம். நாலு பேர் பேசுவதைக் கேட்பதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். குற்றாலத்துச் சிப்ஸ் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டுப் போய்விடுவேன். அன்றைக்குப் பேசிய அந்த அம்மா மதுரையிலிருந்து வந்த மூத்த பத்திரிகையாளர்.

பேச்சுக்கு நடுவில் மச்சினன் போன். வெள்ளத்துக்காக அருவியில் குளிக்கப் போட்டிருந்த தடையைக் காலையிலேயே எடுத்தாச்சாம். ஆனால் முந்தின நாள் வெள்ள வீடியோ ‘இப்போதைய குற்றாலம்’ என்று ஊரெல்லாம் சுற்றுகிறதாம். சுரண்டைப் பக்கமிருந்து கிளம்பிய வேன்கள் பாதி வழியில் திரும்புகின்றன, பொரித்த சிப்ஸ் மலையாகக் கிடக்கிறது என்று அழாத குறை. நான் எழுந்து மச்சினன் சொன்னதைச் சொல்லி, “மேடம், இங்கன இருக்க பிள்ளையள உண்மையை போன்ல போடச் சொல்லுங்க” என்றேன். அதற்குத்தான் அந்தக் கேள்வி.

சிரிப்பு அடங்கியதும் அவர், “தப்பா அனுப்பி யாராவது வெள்ளத்துல மாட்டினா என்ன செய்ய? இதுல லாபமில்லாத ஒருத்தர் பார்த்துச் சொல்லணும்ணே” என்றார். எதிர்க்கடைக்காரரைக் கேட்கலாமே என்றேன். “அவரும் கடைக்காரர்தானே!” மறுபடியும் சிரிப்பு.

பின்வரிசை மாணவி ஒருத்தி, “எங்க சித்தி அங்கன குளிக்கப் போயிருக்காவ மேடம்” என்று போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏட்டி, ஈரத்தலையோட நிக்கேன். தண்ணி அருமையா விழுது. போலீஸ்காரர் விசிலடிச்சு விசிலடிச்சு வரிசையா விடுதாரு. நீ யாருட்டயும் சொல்லிராத, வந்து குவிஞ்சிருவானுவ!”

மேடையம்மா கைதட்டினார். “சொல்லாதேங்கிறவரே சாட்சி! இப்ப அனுப்புங்க.”

பிள்ளைகள் அனுப்பினார்கள். சாயங்காலம் என் போனை எடுக்க மச்சினனுக்கு நேரமே இல்லை.

கூட்டம் கலைந்தபோது, “என்னைப் போட்டு இந்தக் குடை குடைஞ்சுட்டீங்களே மேடம்?” என்று கேட்டேன்.

“அருவி விழணும்னு எனக்கும் ஆசை இருந்துச்சுண்ணே. அதான் ரெண்டு மடங்கு கேட்டேன்.”

மனசுக்குப் பிடித்த சேதி போனில் வரும்போதெல்லாம், அதை அனுப்பப்போகும் என் விரல் இன்றைக்கும் ஒரு நிமிஷம் தயங்குவது அந்தப் பதிலால்தான். அதைச் சொன்ன கையோடு அவர் கைப்பையைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “குற்றாலம் பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டபடியே படியிறங்கினார்.