ஆம்ப்ரோஸின் இடது கை

லாசரஸுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டு வாசலில் செருப்புகூட ஜோடி பிசகாமல் நிற்கும். நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்தக் குணமே ஒருநாள் அவனைக் குழியில் தள்ளியது என்பதுதான் சங்கடம்.

அவனுக்கு ஒரே அண்ணன், ஆம்ப்ரோஸ். ஒரு காலத்தில் மாதா கோயில் ஆர்மோனியம் அண்ணன் கையில்தான் இருந்தது. கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து வலது கை விரல்கள் நசுங்கிய பிறகு ஆம்ப்ரோஸ் வாத்தியத்தின் பக்கமே போகவில்லை. பூசையில் கடைசி பெஞ்சில், வலது கையைச் சட்டைக்குள் மறைத்தபடி உட்கார்ந்திருப்பான். பார்க்கிறவர்களுக்கு மனசு கேட்காது.

எண்பத்தாறில் லாசரஸ் ஒரு சிந்தசைசர் கீபோர்டு வாங்கினான். அதன் இடது ஓரத்தில் சின்னச் சக்கரம் ஒன்று உண்டு. உருட்டினால் சுரம் குழையும், நடுங்கும்.

"இதுக்கு இடது கை போதும்ணே. கட்டை நான் அழுத்துறேன், சக்கரத்த நீங்க பாருங்க" என்றான்.

அப்படித்தான் இரண்டு பேரும் ஒரு வாத்தியம் ஆனார்கள். லாசரஸ் தாளம் தப்பாமல் அழுத்துவான். ஆம்ப்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு உருட்டுவான். மாதா பாட்டில் 'அம்மா' என்று வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் உருட்டுவான்.

"லேட்டு அண்ணே."

"என்ன அவசரம் லா? மாதா எங்க ஓடிப்போறாங்க?"

மறு வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அது ஒலியைப் பதியாது, கை என்ன செய்தது என்பதைப் பதியும். எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பது ஒரு தடம். சக்கரம் எப்படி உருண்டது என்பது இன்னொரு தடம். ஓட விட்டால் ஆள் இல்லாமலே சிந்தசைசர் வாசிக்கும். அண்ணனும் தம்பியுமாக மாதா பாட்டை அதில் பதிந்து வைத்தார்கள்.

அதற்கடுத்த வருஷம் வேலைக்குக் கிளம்பிய ஆம்ப்ரோஸ் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அடக்கத்தன்று அவன் மனைவி பிரிஜட் அழவே இல்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? கல் நெஞ்சு என்றது.

மகளுக்குக் கல்யாணம் கூடியபோது பிரிஜட் லாசரஸிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தாலி கட்டி முடிச்சு, பொண்ணு மாப்பிள்ளை மாதா பீடத்துல பூ வைப்பாங்கல்ல. அப்ப அந்தப் பாட்டப் போடுங்க தம்பி. அவரு கையால அவ ஆசீர்வாதம் வாங்கட்டும்."

லாசரஸ் நெஞ்சு நிறைந்து தலையாட்டினான். அண்ணனுக்குச் செய்கிற கடைசி மரியாதை, குறை இருக்கக் கூடாது என்று பட்டது. சனிக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். திரையில் சக்கரத்தின் அசைவு மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. பிசிறுகளை அழித்தான். தாமதமாக ஏறிய இடங்களை முன்னால் இழுத்துத் தாளத்தோடு சேர்த்தான். கோடு வழவழவென்று ஆனதும் திருப்தியாக அதே பெயரில் சேமித்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது அப்போது அவனுக்குத் தெரியவில்லை.

கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதா பீடத்துக்கு நடந்தார்கள். பாட்டு கிளம்பியது. பிரிஜட் கண்ணை மூடினாள். 'அம்மா' வந்தது, போனது. அவள் கண்ணைத் திறந்து லாசரஸைப் பார்த்தாள். அடுத்த 'அம்மா'வுக்குக் காத்திருந்தாள். அதுவும் இம்மி பிசகாமல் வந்து போனது. சுற்றி இருந்தவர்கள் என்ன இனிமை என்று தலையாட்டினார்கள். பாட்டில் அண்ணன் இல்லை என்பது லாசரஸுக்கும் அப்போதுதான் உறைத்தது.

விருந்து நடந்த மண்டபத்தில் அவளே அவனைத் தேடி வந்தாள்.

"தம்பி, அது அவரு கை இல்லையே."

"அவரோடதுதான் அண்ணி. நான் கொஞ்சம் சரி பண்ணினேன்."

"பழசு இருக்குல்ல?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"இல்ல அண்ணி. அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

திட்டுவாள் என்று நின்றான். திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். பிரிஜட் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்காருன்னு நெனச்சிட்டு இருந்தேன் தம்பி. அதான் அடக்கத்தன்னிக்கு அழுகை வரல."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மகளை அனுப்பி வைக்கிற தாய்க்கு அழுகை வராதா என்று உறவுக்காரப் பெண்கள் வந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.