லொக்கி மிஸ் மாப்பிள்ளை பார்க்கிறாள்

ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளுக்கு வித்யாலக்ஷ்மி நடந்துகொண்டே மார்க் போடுகிறாள். பையன் ஜால்முரி என்கிற காரப்பொரிப் பொட்டலத்தை முதலில் பெண்ணிடம் நீட்டினால் பத்துக்கு ஏழு. தான் தின்ற மிச்சத்தைக் கொடுத்தால் பூஜ்யம். "மீன்கொத்தியைப் பாருங்கோ மாமி. ஆண் மீனைக் கொண்டுவந்து ஊட்டும். அதைப் பாத்துட்டுத்தான் பெண் சரிங்கும்." மூட்டுவலிக்காக நடக்க வந்த எனக்கு, மாடி வீட்டுக்காரி என்ற பாவத்துக்கு, விலங்கியலும் சேர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பிள்ளைகள் லக்ஷ்மியை வங்காள நாக்கில் 'லொக்கி மிஸ்' ஆக்கிவிட்டார்கள். லொக்கி என்றால் இங்கே அடக்கமான பெண் என்றும் அர்த்தம். நல்ல பெயர்ப் பொருத்தம் போங்கள்! சுத்த சைவம், ஆனால் லேக் கார்டன்ஸ் மீன் கடைக்கு வாரம் தவறாமல் போவாள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். கடைக்காரரும் 'தீதி', அதாவது அக்கா, வந்தால் நகர்ந்து இடம் விடுகிறார்.

எந்த உயிரினத்திலும் பிள்ளைக்காக அதிகம் சுமக்கிறது எதுவோ அதுதான் துணையை அதிகம் பொறுக்கி எடுக்கும் என்பாள். மனிதரில் ஆணும் பிள்ளையைத் தூக்குவதால் இரண்டு பேருமே பொறுக்கித்தான் எடுக்கிறார்களாம். இந்த இடம் வந்ததும் அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறும். "மயில்ல ஆண் ஆடறது, பெண் பாக்கறது. நம்மாத்துல மட்டும் பெண்மயிலைப் பாடச் சொல்றா." முப்பத்தாறு வயதுக்குள் ஏழு தடவை பாடிவிட்டாள். ஏழு வீட்டாரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, போன் பண்ணுகிறோம் என்று போனவர்கள்தான்.

எட்டாவது, கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் இருக்கும் அனந்தகிருஷ்ணன். இரண்டு வாரமாகப் போனில் பேச்சு. அவரிடம் மனசு போய்விட்டதை அவளே என்னிடம் சொன்னாள். "பேச்சு ரொம்பப் பிடிச்சிருக்கு மாமி. ஆனா நேர்ல பாக்காம சரின்னு சொல்லமாட்டேன்." அவள் அம்மா ராஜலக்ஷ்மிக்கோ, இதுவும் தட்டிப்போனால் இன்னொரு வரன் தேடத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பித் தெரிய வேண்டும் என்று என்னையும் உட்காரவைத்தார்கள். அவர் வந்தாயிற்று. சமையலறை வாசலில் ராஜலக்ஷ்மி மகளின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட பெண்ணை யாருக்குப் பிடிக்கும் என்பது அவள் பயம். வித்யாவுக்கு மைனஸ் ஆறு பவர்! ஒவ்வொரு தடவையும் இதே கதை என்றால், எதிரே வந்து உட்கார்ந்த ஏழு பேரில் ஒருத்தன் முகத்தைக்கூட இந்தப் பெண் பார்த்திருக்க வழியில்லை.

தட்டோடு வந்தவள் பாதியில் நின்றாள்.

"அம்மா, கண்ணாடியைக் குடு."

வகுப்பறைக் குரல். ராஜலக்ஷ்மி கண்ணாலேயே கெஞ்சினாள். வித்யா தட்டை என் மடியில் வைத்தாள். அம்மாவின் இடுப்பிலிருந்து கண்ணாடியைத் தானே எடுத்து, முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அனந்தகிருஷ்ணனுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவரை ஆற அமரப் பார்த்தாள்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.