கடைசிப் பக்கத்தில் ஓர் ஓட்டை

செங்கல்பட்டுப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபது வருஷமாக நகல் எழுதிவரும் சாரங்கபாணி, எங்கள் ஜில்லாவிலேயே மிக நீளமான பேய்க்கதையை எழுதியவர். வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக நூற்றுப் பன்னிரண்டு வாரம். இந்தப் பெருமையை அவரிடமிருந்து பறித்துக்கொள்ள இதுவரை யாரும் முன்வரவில்லை. முன்வந்தால் அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

அவருடைய உத்தியோகத்தைச் சற்று விளக்க வேண்டும். யார் எந்த நஞ்சையை விற்றாலும், எந்தத் தம்பி எந்த அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், அதை எழுத்து மாறாமல் பெரிய புத்தகத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். மூலத்தைக் கரையான் தின்றாலும் கவலையில்லை. சாரங்கபாணியின் கையெழுத்தில் இன்னொன்று இருக்கும். இப்படி ஊரார் எழுத்தையெல்லாம் காப்பாற்றிய மனிதர், தம்முடைய நாவலுக்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. நகல் வேண்டி யாரும் மனுப் போடவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர். 1929-இல் அவருக்குப் பதினொரு வயது. அந்தப் பக்கம் காலரா வந்தது. அக்கா செங்கமலத்துக்குப் பதினாறு. அவளுக்கும் கண்டது. அவளைப் பின்கட்டு அறையில் படுக்கவைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மற்றவர்கள் வண்டி கட்டித் திருக்கழுக்குன்றத்துக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போது அப்பாவுக்குக் கூஜா ஞாபகம் வந்தது. பையனை உள்ளே அனுப்பினார். கூஜாவை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அறைக்குள்ளிருந்து தட்டும் சத்தம். மூன்று தட்டு, சற்று நிறுத்தி, ஒரு தட்டு. தாழ்ப்பாள் அவன் தோள் உயரத்தில்தான் இருந்தது. அவன் கூஜாவோடு வந்து வண்டியில் ஏறிக்கொண்டான். அந்தக் கூஜா இன்னமும் அவர் வீட்டில் இருக்கிறது. ஒரு நெளிசல்கூட இல்லை.

இதை அவர் தம் மனைவி சாவித்ரியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். ஆகவே எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நாவலின் பெயர் ‘உப்பங்கழி வீடு’. அந்த வீட்டில் ஓர் அடைத்த அறை. முதல் அறுபது வாரம் ஒன்றுமே நடக்காது. வீட்டார் சமைப்பார்கள், சீமந்தம் செய்வார்கள், வழக்காடுவார்கள். அந்த அறையை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்கள். அறுபத்தோராவது வாரம் உள்ளிருந்து முதல் தட்டு கேட்கும். பேய் கடைசிவரை கண்ணில் படாது. நூற்றுப் பன்னிரண்டாவது வாரம், கடைசிப் பக்கத்தின் கீழ்ப் பாதியில், ஒருவன் கதவைத் திறப்பான். உள்ளே இருப்பவள் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுவாள். முற்றும்.

மற்ற நூற்றுப் பதினொரு வாரமும் அந்த வாக்கியத்துக்குப் போவதற்கான வண்டிப் பாதைதான். ஒருநாள் பிற்பகல், இரண்டு அடமானப் பத்திரங்களுக்கு நடுவே, அது தானாக வந்துவிட்டது. எழுதினார், உறையில் போட்டு ஒட்டினார், அன்றைய தபாலிலேயே அனுப்பினார். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பது சாவித்ரி மாமியின் வாக்குமூலம்.

நம் ஜனங்களுக்குத் தொடர்கதையைப் படித்தால் மட்டும் போதாது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டுப் பைண்டு செய்தாக வேண்டும். ‘உப்பங்கழி வீடு’ செங்கல்பட்டிலிருந்து கடற்கரைவரை வீட்டுக்கு வீடு அப்படித்தான் பைண்டு ஆயிற்று. ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தின் பின்புறம், சரியாகக் கீழ்ப் பாதியில், பத்திரிகைக்காரர்கள் குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பனை அச்சடித்திருந்தார்கள். முதல் பரிசு பத்தாயிரம். ஜில்லாவே கத்தரிக்கோலைத் தேடியது. கதவு திறக்கும் இடத்தை வெட்டி எடுத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, மீதியை மரியாதையாகப் பைண்டு செய்து அலமாரியில் வைத்தார்கள். பிறகு பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது, பத்திரிகை படுத்தது, அதன் பழைய இதழ்களெல்லாம் எடைக்குப் போயின.

1957-இல் உலகநாதன் வந்து சேர்ந்தார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் விவசாயக் குடும்பம். லாரி விட்டு, லாரியிலிருந்து சினிமாவுக்கு ஏறியவர். அவர் கையில் ஒரு பைண்டு பிரதி. அவர் படிக்கவில்லை. அவருடைய மானேஜர் முனிசாமி, கடைசி வாரத்துக்கு முந்தினது வரை, படித்துக் காட்டியிருந்தான். அறுபத்தோராவது வாரம் வருவதற்குள் உலகநாதன் மூன்று தரம் தூங்கி எழுந்ததாகவும், பிறகு தூங்கவே இல்லை என்றும் சொன்னார்கள். மாமல்லபுரத்துப் பயணியர் பங்களாவில் சாரங்கபாணியை உட்காரவைத்துப் பேச்சு நடந்தது.

“கதை ஷோக்கா கீது சாமி. ஆனா பேயி இன்னாத்துக்கு அறுபத்தோராவது வாரம் வருது? டிக்கெட்டு வாங்கினவன் அதுவரிக்கும் கொட்டாயிலயே குடும்பம் நடத்துவானா?”

“அது வர்றதுக்கு முன்னாடிதான் சார் பயம்” என்றார் சாரங்கபாணி.

“வராத பேய்க்கு எவன் பயப்படுவான்? வந்தாலே சிரிக்கறானுங்கோ.”

முனிசாமி பென்சிலால் கணக்குப் போட்டான். “ரீலுக்கு ஏழு வாரம்னு அமுக்கினா பதினாறு ரீலு, அண்ணாத்த. அடங்கும்.”

“அறுபது வாரம் அந்த ரூம்பு பக்கமே யாரும் போவலன்னு எழுதிகினு கீறியே, அத்த எப்பிடிக் காட்டறது?”

“காட்டாமத்தான்.”

“காட்டாததுக்கு இன்னாத்துக்கு சாமி பிலிம் வாங்கணும்? பட்டாணி வாங்கித் துண்ணுகினு போலாமே!”

இவ்வாறாக, பயத்தை அடிக்கணக்கில் அளக்கும் வேலை தொடங்கியது. அறுபது வாரத்து மௌனம் ஒரு நிமிஷமாகச் சுருங்கியது. அந்த ஒரு நிமிஷத்திலும் ஓர் ஆந்தை கத்தியது. கண்ணில் படாத பேய்க்கு எந்த நடிகையை ஒப்பந்தம் செய்வது என்ற நியாயமான கேள்வி எழுந்து, பேய் கண்ணில் பட்டது. பட்டவுடன் வெள்ளைப் புடவை கட்டியது. புடவை கட்டியதால் கடற்கரையில் பாட வேண்டியதாயிற்று. மொத்தம் ஒன்பது பாட்டு. கதாநாயகிக்கு ஒரு சிரிப்பு நடிகர் மாமாவானார். சாரங்கபாணி ஒவ்வொன்றுக்கும், பாகப்பிரிவினையில் ஏமாந்த தம்பியைப்போல, தலையை ஆட்டினார். ஒரே ஒரு நிபந்தனை: கடைசிக் காட்சி அவர் எழுதியபடியே இருக்க வேண்டும். கதவு திறக்க வேண்டும். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

“கடைசி சீனு உன்னுது சாமி. அதுல நான் கை வெக்க மாட்டேன்” என்றார் உலகநாதன். நல்ல மனிதர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வினையே அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதவுக் காட்சி எடுப்பதென்று நாள் குறித்தார்கள். வசனத்தைக் குறித்துக்கொள்ள முனிசாமி கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தான். கீழ்ப் பாதியில், கூப்பன் அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக முனிசாமியின் மூக்கு தெரிந்தது.

“இன்னா சாமி, கதவு தொறக்கற எடத்துல சன்னலு கீது?”

“அதனாலென்ன, என் பிரதி இருக்கே” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார் சாரங்கபாணி.

வீட்டுப் பிரதியிலும் அதே அளவு ஓட்டை. வெட்டு மிகவும் நேர்த்தியாக இருந்தது. அலுவலகக் கத்தரிக்கோல். வெட்டியவர் அவரே. எழுதியவனுக்குத் தன் முடிவு மறந்தா போகும் என்று அன்று நினைத்திருக்கிறார். வெட்டி அனுப்பிய கூப்பன் விடையிலும் இரண்டு பிழை.

பிறகு ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுச் சொந்த வாக்கியத்தைத் தேடி அலைந்தார். திருக்கழுக்குன்றம், சிங்கப்பெருமாள் கோயில், சதுரங்கப்பட்டினம். போன வீடெல்லாம் காபி கொடுத்தார்கள், அட்டையைத் துடைத்துக் கொடுத்தார்கள். பதினொரு பிரதி; பதினொரு ஓட்டை. கடைசியாக, எதையும் தூக்கியெறியாதவர் என்று பெயரெடுத்த தேவசகாயம் வாத்தியார் வீட்டுக்குப் போனார்.

“அந்த வாரம் நான் நாலு காப்பி வாங்கினேன் சார்” என்றார் வாத்தியார்.

சாரங்கபாணிக்குக் கண் கலங்கிவிட்டது. “நாலா?”

“ஆமா, நாலு கூப்பன் அனுப்பலாமே!”

நாலு ஓட்டை. பதினைந்தாயிற்று.

“போகட்டும். கடைசியில அவ என்ன சொன்னா? ஞாபகமிருக்கா?”

“அத மறக்க முடியுமா சார்? படிச்சுட்டு அழுதுட்டேன். பொண்டாட்டிய எழுப்பிப் படிச்சுக் காட்டினேன், அவளும் அழுதா.”

“என்ன சொன்னா?”

வாத்தியார் மோட்டுவளையைப் பார்த்தார். “பதினேழு குறுக்கில ‘பொறுமை’ன்னு போட்டேன் சார். ‘பெருமை’யாம்.”

வீட்டில் சாவித்ரி மாமியும் அதையே சொன்னாள். “நான்கூட அழுதேன்னா. என்னமோ சொன்னா. ரொம்ப நன்னாச் சொன்னா.”

“திட்டினாளா, மன்னிச்சாளா? அதையாவது சொல்லேன்.”

“நன்னாருக்கு! எழுதினது நீங்க. என்னைக் கேக்கறேளே.”

அவர் உட்கார்ந்து எழுதினார். ‘ஏண்டா இவ்வளவு நாழி?’ என்று எழுதினார். அது அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தவனைக் கேட்பது போலிருந்தது. ‘தண்ணி கொடு’ என்று எழுதினார். கூஜா ஞாபகம் வந்து அடித்தார். ‘உன்மேல் கோபமில்லை’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. தமக்குத் தாமே விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்தும் தாமே போடுவது பதிவுச் சட்டப்படி செல்லாது. நாற்பத்து மூன்று வாக்கியம் எழுதினார். எல்லாம் சாரங்கபாணி சொல்லும் வாக்கியங்கள். செங்கமலம் சொன்னது ஒன்றுகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பில், வீடே இல்லாமல் ஒரு கதவை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். வெளிப்பக்கம் தாழ்ப்பாள். கச்சிதமாக, ஒரு பதினொரு வயதுப் பையனின் தோள் உயரத்தில் அடித்திருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததல்ல. கதவுக்குப் பின்னால் நடிகை முகத்துக்கு மாவு பூசிக்கொண்டு, வேர்த்து, மறுபடியும் பூசிக்கொண்டு நின்றாள்.

“டயலாக்கு சாமி?” என்றார் உலகநாதன்.

சாரங்கபாணி கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். “தெரியலே சார்.”

“எய்தினவன் நீதானே?”

“நான்தான். ஆனா அவ என்ன சொன்னாள்னு எனக்குத் தெரியாது.”

உலகநாதன் அவரைத் திட்டவில்லை. காபி வரவழைத்துக் கொடுத்தார். பதினொரு மணிவரை பொறுத்தார். பகல் ஒரு மணிவரையும் பொறுத்தார். மாவு நாலு தரம் கரைந்தது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, “பேஜாரு பண்ணாத சாமி. அது பேசலன்னா, பேயே இல்லன்னு முடிச்சுடலாம். சென்சாருக்கும் சௌகரியம்” என்றார். நடிகையை வெளியே கூப்பிட்டு, சிரிப்பு நடிகரை உள்ளே அனுப்பினார்கள். கையில் ஓர் உலக்கை. தாழ்ப்பாளைத் திறந்ததும் அவர் வெளியே உருண்டு விழுந்து, “யாருய்யா அது, தூங்கவுடாம?” என்றார். ஒரே டேக்கில் ஓகே. படப்பிடிப்பில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். சாரங்கபாணியும் தட்டினார். மூன்று தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

படம் செங்கல்பட்டுக்கு வந்தபோது பகல் காட்சிக்குப் போனார். கதவு திறந்ததும் கொட்டகை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. முன் பெஞ்சில் ஒருவனுக்குப் புரையேறி, பக்கத்திலிருந்தவன் முதுகில் அறைந்தான். நாவலில் இருந்தது படத்திலும் அப்படியே வந்தது என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அந்தத் தட்டு. இசையமைப்பாளருக்கு அது மிகவும் பிடித்துப்போய், கடற்கரைப் பாட்டுக்குத் தாளமாகவே வைத்துவிட்டார். மூன்று தட்டு, சற்று நிறுத்தி, ஒரு தட்டு. ரேடியோவிலும் ஓட்டலிலும் திருவிழா ஒலிபெருக்கியிலும் அதுதான். பள்ளிக்கூடத்து டெஸ்க்குகள் அதிர்ந்தன. செங்கல்பட்டில் யாரும் இப்போது கதவை வேறு மாதிரி தட்டுவதில்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் சாரங்கபாணி எழுந்து போகிறார். மாமியைப் போக விடுவதில்லை. இலையில் சாதம் போட்டிருந்தாலும் எழுந்து, எச்சில் கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் தாழ்ப்பாளை நீக்குகிறார். நீக்கிவிட்டு ஒன்றும் கேட்பதில்லை. வந்தவர் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று நிற்கிறார்.

“பாலு, சாமி” என்கிறாள் கன்னியம்மா. “இன்னா சாமி இப்பிடி முயிக்கறே? பேயின்னு நெனச்சியா?”

“தபால்” என்கிறார் தபால்காரர்.

“பஜனை மடத்துச் சந்தா” என்கிறார் இன்னொருவர்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறார். நேற்று மட்டும் பதினான்கு தரம் திறந்தார். இரண்டு தடவை வாசலில் யாருமே இல்லை. தெருவில் போகிற யாரோ பாடிக்கொண்டே தட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்த இரண்டு தடவைதான், கதவைச் சாத்த அவருக்கு அதிக நேரம் பிடித்தது.